கோச்சி போகட்டும்

புதன்கிழமை எட்டரைக்கு
காரை மரைன் டிரைவில் கடல் பார்க்க நிறுத்துகிறேன்.
வாடகை அறையின் சுவர் மெல்லிசு.
நான் இருமினாலே பக்கத்து அறைப் பொடியன்
"தண்ணி வேணுமா அண்ணை" என்பான்.
என் விவாகரத்தும் அவனுக்குக் கேட்க வேண்டாம்.

போனை ஸ்டியரிங்கில் சாத்தி வைக்கிறேன்.
ஆரணன் விளையாடிவிட்டுத் தந்த பழைய போன்.
பெயர் எழுதுகிற இடத்தில் இன்னமும்
டைனோசர் ராஜா என்றே கிடக்கிறது.
மாற்றத் தெரியாது. தெரிந்தாலும் மாற்றேன்.
"வணக்கம் டைனோசர் ராஜா" என்கிறா ஷெரின் மிஸ்,
சிரிக்காமல்.
மூன்று மாதமாக அப்படித்தான்.

ஒன்பது சதுரங்கள்.
ஒன்றில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.
ஒன்றில் மாளிகாவத்தை ரிஸ்மியா,
பயத்தங்காய் உடைத்தபடி.
ஒன்றில் கொட்டாஞ்சேனை செபமாலை மாஸ்டர்,
நெற்றியும் கண்ணும் மட்டும்;
அதற்குக் கீழே அவர் வருவதில்லை.
மனைவி மறுமணம் செய்து போன வீட்டுக்கு
மகள் மறந்துவிட்ட கணக்குக் கொப்பியைக்
கொண்டுபோய்க் கொடுத்த கதை
போன கிழமை அவர் சொன்னது.
அந்த வீட்டு மனிசன் உள்ளே கூப்பிட்டு
தேத்தண்ணி தந்தவராம்.
"நல்ல தேத்தண்ணி" என்றார்.
"அதுதான் பிரச்சினை."

இன்றைக்கு மிஸ் கேட்டது சின்னக் கேள்வி:
பிள்ளை கொண்டு வாற பையுக்குள்ள
என்னென்ன இருக்கு?

ரண்டு கவுன், இன்ஹேலர், என்றா ரிஸ்மியா.
"பொறகு வாப்பா எழுதின துண்டு ஒண்டு.
எத்தின மணிக்கு எத்தின தரம் அடிக்கோணும் எண்டு.
எனக்குத் தெரியாத மாதிரி.
அஞ்சு வருஷமா நான்தானே குடுத்த."
பிறகு ஒரு பயத்தங்காய் உடைகிற சத்தம்.
மின்விசிறி சொன்னது:
"பை வாறதில்ல. பிள்ளையும் வாறதில்ல."
ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை.
இங்கே அது வழக்கமில்லை;
கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

என் முறை.
ஆரணனின் பை எனக்கு மனப்பாடம்.
நீலப் பை, சிப் பாதிவரைதான் வரும்.
இரண்டு சட்டை; இரண்டும் நான் வாங்காதவை.
ஒவ்வொரு முறையும் ஒரு பல் பிரஷ்,
என் அறையில் அவனுக்கொன்று இருக்கென்று
எத்தனை தரம் சொன்னாலும்,
ஈரத் துவாயில் சுற்றி,
லொட்ஜுக்கு வருகிறவன் மாதிரி.

வாயைத் திறந்தேன். தெகிவளைப் பக்கமிருந்து கோச்சி.
தண்டவாளம் என் பம்பரிலிருந்து பத்தடி.
வாசலில் தொங்குகிற ஆட்கள், மஞ்சள் வெளிச்சம்,
அதிர்கிற கண்ணாடி.
நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.
சத்தத்துக்குள் சொல்வது லேசு.
பிரஷைச் சொன்னேன்.
ஞாயிறு பின்னேரம் லேன் முடக்கில்
துவாரகாவிடம் அவனை ஒப்படைக்கையில்
"சாப்பிட்டவன்", "மருந்து குடுத்தது" என்று
இரண்டு வங்கிக் காசாளர்கள் போல
நாங்கள் கதைப்பதைச் சொன்னேன்.
அவள் கெட்டவள் இல்லை என்றும் சொன்னேன்.
இதுவரை யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

கோச்சி போய்விட்டது.
"ராஜா, ஒண்டும் கேக்கேல்ல" என்றார் மாஸ்டர்.
"திருப்பிச் சொல்லுங்கோ.
அடுத்த கோச்சிக்கு நேரமிருக்கு."
கமராவைக் கொஞ்சம் சரித்தார்.
மூக்கு வந்தது, மீசை வந்தது, வாய் வந்தது.
ரிஸ்மியா பயத்தங்காயைக் கீழே வைத்தா.

மறுபடி சொன்னேன்.
இரண்டாம் தரம் அது
ஒரு பிரஷ் அளவுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆரணன் வந்தான்.
பையைத் திறந்தேன். துவாய். பிரஷ்.
என் பிரஷ் நிற்கிற கோப்பையில்
அவனுடைய இரண்டையும் வைத்தேன்.
"ரெண்டும் எனக்கா?"
"ஓம்."
"அப்ப அம்மாட வீட்டிலயும் ரெண்டு வைக்கலாமா?"
கேட்டுப் பார் என்றேன்.
அவன் சப்பாத்துக் கழற்றி முடியுமுன்
இல்லை, ஞாயிற்றுக்கிழமை முடக்கில்
நானே கேட்கிறேன் என்றேன்.