பன்னிரண்டு புள்ளி இரண்டு

நான்காவது நாளும் வடகாற்று.
கெம்ச்சித் துறையைக் கடற்படை மூடிவிட்டது.
பதினெட்டு மூட்டை உருளைக்கிழங்கு,
ஆறு எரிவாயு உருளை,
தம்பி ரோசமெல், நான்:
சிலோயேத் தீவின் ஏதோ ஒரு குடாவில்
நங்கூரத்தை நம்பிக் கிடக்கிறோம்.

கூரைமேல் சூரியத் தகடு.
நான்கு நாளாகக் குளிக்கிறது,
சம்பாதிக்கவில்லை.

எனவே நான் கணக்குப்பிள்ளை ஆனேன்.
நங்கூர விளக்கு: அணைக்கக் கூடாது,
இருட்டில் இன்னொரு படகு நம்மேல் ஏறினால்
யாரிடம் போய் மிச்சம் பிடித்ததைக் காட்டுவது?
அடிநீர்ப் பம்பு: அதுவாக விழிக்கும்,
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி
அதுவாகத் தூங்கும். அதை எதுவும் கேட்க முடியாது.
கடற்படைச் செய்திக்கு வயர்லெஸ், காலையும் மாலையும்
ஐந்தைந்து நிமிடம்.
கேபின் விளக்கு இல்லை. ஜாடிக்குள் மெழுகுவர்த்தி.
ரோசமெல்லின் கைப்பேசி இல்லை.
"பத்து சதவீதம் மட்டும், எர்சிரா."
இல்லை.

மின்மானியில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
பாதி என்று அர்த்தம்.
பம்பு ஓடும்போது பதினொன்று புள்ளி எட்டுக்கு விழும்,
நின்றதும் மெல்ல ஏறிவரும்,
ஆனால் விழுந்த இடம்வரை ஏறாது.
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில்.
தம்பி சட்டியை எட்டிப் பார்ப்பதே இல்லை;
அகப்பையோடு பிறந்தவன்.

இன்னொரு பாட்டரி உண்டு,
இயந்திரத்தைக் கிளப்ப மட்டும்.
வட்டமான சுவிட்சில் ஒன்று, இரண்டு, இரண்டும்
என்று எழுதியிருக்கும்.
"இரண்டும்" பக்கம் போகக் கூடாது என்று
அவனுக்குச் சொன்னவள் நான்.
ஒருமுறை அல்ல.

இரவு எட்டு மணிக்கு வானொலியில்
தீவுகளுக்கான செய்திகள் வாசிப்பார்கள்.
ஆல்காவிலுள்ள திருமதி தோரிலாவுக்கு:
கம்பளி வந்துவிட்டது, சாக்கு கொண்டுவரவும்.
மெச்சுக்கேயில் ஓமேரோவுக்கு:
சிவப்பு மாடு கன்று போட்டது, இரண்டும் நலம்.
எனக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை.
ஆனாலும் கேட்பேன்.
அடுத்தவர் கம்பளி, அடுத்தவர் சாக்கு,
யாரோ யாரையோ வியாழக்கிழமை படகுத்துறைக்கு வரச்சொல்வது.

நேற்று ரோசமெல் குறட்டை விட்டான்.
வானொலிக்கு முதல் பாட்டரியில் தெம்பில்லை,
குரல் கரகரவென்று செத்துச் செத்துப் பிழைத்தது.
சுவிட்சைத் திருப்பினேன்.
பத்து நிமிடம்தான் என்று
எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

தூங்கிவிட்டேன்.

காலையில் மழை நின்றிருந்தது. துறை திறந்தது.
சாவியைத் திருப்பினான்.
டுக்.
மறுபடி: டுக்.
நிறைந்த பாட்டரி வற்றியதற்குள் வடிந்து
இரண்டும் இப்போது சமமாக ஏழை.

சுவிட்சைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
நான் உருளைக்கிழங்கு மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்,
பதினெட்டு என்று தெரிந்தும்.

பலகைக்கு அடியிலிருந்து கைப்பிடி இரும்பை எடுத்தான்.
நான் அழுத்தத்தைத் திறந்துவிடும் நெம்பைப் பிடித்துக்கொண்டேன்.
அவன் சுற்றினான்.
கழுத்து நரம்பு புடைக்க, பறக்கும் சக்கரம் சூடேற,
"இப்போ!" என்றான்.
நெம்பை விட்டேன்.
ஒரு இருமல், கரும்புகை.
பிறகு அந்த ஒற்றை உருளைக் கிழம்
டப் டப் டப் என்று
எங்கள் இருவரையும் திட்டத் தொடங்கியது.

மின்மானி பதின்மூன்று புள்ளி எட்டு.
நங்கூரச் சங்கிலி ஏறியது, சேறும் பாசியுமாக.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
பதிலுக்கு என்ன சொல்வதென்றும்
இரண்டு மூன்று தினுசாகத் தயார் செய்தேன்.

முனை தாண்டும்போது,
சுக்கானைத் தொடையால் பிடித்தபடி,
எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"பரவாயில்லை, ஓமேரோவின் மாடு
பிழைத்துக்கொண்டது."

நான் அவனிடம்
மாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை.