கிழக்கே அரை நூல்

முத்தியால்பேட்டை,
பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மேசை.
ஜன்னலோரத்து மேசை
கிழக்கே அரை நூல் இறக்கம்.
முதலாளி எமிலியானுக்கே அது தெரியாது.
எனக்குத் தெரியும்.
ஐப்பசி அடைமழையில் பச்சைத்துணி ஈரம் குடித்தால்
முக்கால் நூல்.

பத்தொன்பது வயது.
ஐடிஐயில் பிட்டர் டிரேட்,
வருகைப் பதிவேட்டில் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

தோற்கத்தான் முதலில் பழகினேன்.
ஜெயிக்கத் தெரிந்தவன் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தான்.
குழி வாயில் பந்தை நிறுத்திவிட்டு
'ச்சே' என்று தொடையில் தட்ட வேண்டும்,
அதுவும் உடனே தட்டாமல்
ஒரு மூச்சு தள்ளி.
அந்த ஒரு மூச்சுக்கு மூன்று மாதம் ஆனது.

புஷ்பநாதன் சுவரில் சாய்ந்து
யாரோ போல வேர்க்கடலை கொறிப்பான்.
'தம்பிக்கு இன்னிக்கு கை சரியில்ல' என்பான்.
அர்த்தம்: இன்னும் ஐம்பது ஏற்று.

சனிக்கிழமை சாயங்காலம்
கடலூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்,
சரக்கு இங்கே மலிவு.
இரண்டு ரவுண்டு உள்ளே போனதும்
எல்லோருக்கும் கோணம் தெரியும்.
லீவுக்கு வந்த சொல்தா வீட்டுப் பையன்கள்
பிராங்கில் கட்டுவார்கள்.
அந்த நோட்டை மாற்றித் தரும் நகைக்கடைக்காரன்
நூற்றுக்குப் பதினைந்து அடித்துக்கொள்வான்.
உலகத்தில் எங்களை ஏமாற்றுகிறவன்
அவன் ஒருத்தன்தான் என்று
புஷ்பா திட்டிக்கொண்டே இருப்பான்.

கலியமூர்த்தி வந்தபோது
தீபாவளிக்கு நான்கு நாள்.
வெளியே மழை.
சிப்காட்டில் சாயக் கம்பெனி,
நகக்கண் பத்தும் மஞ்சள்.
சட்டைப்பையில் போனஸ் கவர்,
இன்னும் பிரிக்காதது.
கியூவைத் துடைப்பக்கட்டை போலப் பிடித்தார்.
புஷ்பா என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாததுதான் சைகை.

இருபதில் தோற்றேன்.
ஐம்பதில் தோற்றேன்.
நூறில் ஜெயித்தேன், தட்டுத்தடுமாறி.
ஐந்நூறுக்கு அவரே இழுத்தார்.
கவரை ஓரமாகக் கிழித்தார், அவ்வளவு பதமாக,
உள்ளே பிள்ளையின் மார்க் ஷீட் இருப்பது போல.

ஒன்பது மணிக்கு
கவர் மட்டும் அவரிடம் இருந்தது.
அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்,
'தம்பி, இந்த மேசை கடல் பக்கம் சாயுது, இல்ல?'

எனக்கு வாயில் எச்சில் வற்றிவிட்டது.

'மூணாவது ஆட்டத்துலயே புரிஞ்சிது.
தொட்டியில சாயம் எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு
பாக்கறதுதான நமக்கு வேல.'

'தெரிஞ்சேவா ஆடுனீங்க?'
கேட்டது நானில்லை, புஷ்பா.
யாரோவாக இருக்க வேண்டியவன்
மறந்துபோய்க் கேட்டுவிட்டான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
'தெரிஞ்சா போதும்னு நெனச்சிட்டேன்.'

பஸ்ஸுக்கு ஆறு ரூபாய் கேட்டார்.
பத்தாகக் கொடுத்தேன்.
மீதி நாலு தர
சட்டைப்பையைத் தடவினார்,
பேண்ட் பையைத் தடவினார்,
பிறகு மறுபடி சட்டைப்பையை.
நான் சும்மா நின்றிருந்தேன்.
'இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம்.

அந்தத் தீபாவளிக்கு எனக்குச் செக்குப் போட்ட சட்டை.
புஷ்பாவுக்கு வாட்ச். பொங்கலுக்குள் நின்றுபோனது.
அதற்கப்புறமும் இரண்டு வருடம் ஆடினேன்,
திருந்தவெல்லாம் இல்லை.
எமிலியான் பிரான்சுக்குப் போனான்,
மேசைகளை யாரோ எடைக்கு எடுத்தார்கள்.

போன மாதம் அதே மாடிப்படி.
இப்போது டியூஷன் சென்டர்.
மகளைச் சேர்க்கப் போயிருந்தேன்.
ஜன்னலோரத்தில் மேசை கிடந்த இடத்தில்
பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பாரம் எழுதும்போது அவள் கையிலிருந்து
பேனா நழுவி விழுந்தது.
கொஞ்ச நேரம் யோசித்தது போல நின்று
மெல்ல உருள ஆரம்பித்தது,
கிழக்கே.

மேசை அல்ல.
தரை.

அத்தனை ராத்திரியும்
நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்த தரை.

'என்னப்பா?' என்றாள், குனிந்து எடுத்தபடி.
'ஒண்ணுமில்ல' என்றேன்,
ஒரு மூச்சு தள்ளி.