இரண்டரை மணிக்குப் பிறகு இரண்டு

முன்பு மெத்தை விற்ற கடை இது.
"படுத்துப் பார்த்து வாங்குங்கள்" என்ற அட்டை
இன்னும் கூரையில் தொங்குகிறது.
அதன் கீழே எண்பது கணினி, எண்பது பேர்,
மணிக்குப் பதினைந்து டாலர் சொச்சம்.
ஐயோவாவில் ஏப்ரல். வண்டி நிறுத்துமிடத்தில்
கரி படிந்த பனிக்குவியல் ஒன்று
போகமாட்டேன் என்று கிடக்கிறது.

நான் நான்காம் வகுப்பைத் திருத்துகிறேன்.
எந்த ஊர், ஆணா பெண்ணா
தெரியாது, தெரியவும் கூடாது.
மாநிலம் முழுக்கக் கேள்வி ஒன்றே:
ஒரு கதவைத் திறக்கிறாய். உள்ளே என்ன?

காலையிலிருந்து நூற்றுப்பத்துக் கதவுகள்.
பதினேழில் டைனோசர்.
மிட்டாய் மலைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒரு விடைக்கு இரண்டு நிமிடம்,
தாண்டினால் திரையோரம் மஞ்சளாகும்.

பத்தே முக்காலுக்கு வந்தது அது:

"கதவு பூட்டியிருக்கு. எனக்கு அந்தக் கதவைத் தெரியும்.
அம்மா வர அஞ்சரை ஆகும்.
கீழே பெயிண்ட் உரிஞ்ச இடம் மீன் மாதிரி இருக்கும்.
மிதியடிக்கு அடியில சாவி இல்ல, பாத்துட்டேன்.
பக்கத்து வீட்டுல வெங்காயம் வதங்கும்.
லிஃப்ட் மூணாவது தடவ நின்னா அது அம்மா."

அவ்வளவுதான். பிழை ஒன்பது.
யாரும் உள்ளே போகவில்லை.

மஞ்சளானது.
விதித்தாளைப் புரட்டினேன்:
உள்ளிருப்பதை விவரிக்காவிட்டால் ஒன்று.
சிவப்பானது.
ஒன்று போட்டேன்.

ட்வைட் எங்கள் மேற்பார்வையாளர்,
போன வருஷம்வரை டிராக்டர் உதிரிபாகம் விற்றவர், நல்ல மனிதர்.
இரண்டரைக்குக் கைதட்டினார்.
"மேலிடத்திலிருந்து சேதி. ஒன்றுகள் ரொம்ப அதிகமாம்.
இனிமேல் கதவுக்கு வெளியே நின்றாலும்
இரண்டு போடலாம்."

"காலையில் போட்டது?"

"போனது போனதுதான், டார்லா"
என்று டோனட் பெட்டியை நீட்டினார்.
எடுத்துக்கொண்டேன். சீனி விரலில் ஒட்டியது.

ஆகஸ்டில் வரைபடம் வரும்.
கோடு சற்றே நிமிர்ந்திருக்கும்.
ஏதோ ஒரு பள்ளியில் கேக் வெட்டுவார்கள்,
ஏதோ ஒரு பள்ளியில் தலைமையாசிரியர்
மேசையைக் காலி செய்வார்.
மதியத்துக்கு முன்னும் பின்னும்
என் விரல் வேறுவேறு சாவியை அழுத்தியதை
எந்த வரைபடமும் சொல்லாது.

தேடிப்பார்த்தேன்.
திரும்பிப் போகும் பொத்தான்
இந்தத் திரையில் வைக்கவே இல்லை.

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது:
"கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு குதிரை.
குதிரைக்குப் பசி. நான் ஆப்பிள் கொடுத்தேன்."

மூன்று.
இருபது நொடிகூட ஆகவில்லை.