விழாத சீட்டு

வேலந்தாவளத்தில், பஞ்சர் கடைக்கு மேலே என் அறை.
ஏழு மாதமாக மேசையில் ஒரு லினோலியத் தகடு,
பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் மாதிரி.
கொச்சிக் கண்காட்சிக்கு ஆறு படங்கள் என்று
ஒப்புக்கொண்டவள் நான்தான்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பென்சிலால் ஒரு முகம் வரைவேன்.
உளியை எடுத்ததும் உள்ளங்கை வியர்க்கும்.
பென்சில் கோட்டை அழித்துவிடலாம்,
செதுக்கிய பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது?
சரி, முதலில் உளியைத் தீட்டலாம் என்று உட்காருவேன்.
பாலக்காட்டு ஜில்லாவிலேயே
கூரான உளி என்னுடையதாக இருக்கும்.

போன வியாழன் கரண்ட் இல்லை. கீழே போனேன்.
ஜக்கரியா பழைய ட்யூபை வெட்டிக்கொண்டிருந்தான்.
வட்டம். வட்டம். இன்னொரு வட்டம்.
கத்தரிக்கோல் நின்ற இடத்தில் நிற்க
ரப்பர்தான் சுற்றியது.
சதுரமாக வெட்டினால் என்ன என்றேன்.
"மூலை இருந்தா பிரிஞ்சுக்கும்"
என்றவன் என்னைப் பார்க்கவில்லை,
தண்ணீர்த் தொட்டியில் குமிழி தேடிக்கொண்டிருந்தான்.

கோணலானவை நாலைந்தை வாரி வந்து
யாருடையதோ கல்யாணப் பத்திரிகை அட்டையில்
அவன் சொல்யூஷனாலேயே ஒட்டினேன்.
உருளையில் கறுப்பு.
நல்ல காகிதத்தைத் தொட மனம் வரவில்லை,
தாள் தொண்ணூறு ரூபாய்.

எங்கள் ஊரில் லாட்டரிக் கடைகள் அதிகம்.
கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் சீட்டு வாங்குகிறார்கள்.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
நாலு மணிக்குத் தெருவெல்லாம் சீட்டு.
ஒரு பை நிறையப் பொறுக்கினேன்.
ஏற்கெனவே தோற்றுவிட்ட தாள்.
அதன்மேல் நான் தோற்க என்ன மிச்சம்?

ஸ்பூனின் முதுகால் தேய்த்தேன்.
முதல் வட்டம் எலுமிச்சம்பழமாக வந்தது.
இரண்டாவதில் வால்வு இருந்த இடத்தில் வெள்ளைத் துளை.
மூன்றாவது காய்வதற்குள் நான்காவது.
கரண்ட் எப்போது வந்தது,
ஃபேன் எவ்வளவு நேரமாகச் சுற்றுகிறது, தெரியாது.

அச்சில் எழுத்து புரண்டு விழும்.
நம் ட புரண்டால்
கோபித்துக்கொண்டவள்போல் திரும்பி உட்காரும்.
பஸ் பலகையில் அதற்கு அடுத்த வரியில் வருகிற
மலையாளத்து இரண்டாம் டகரம்
வெறும் வட்டம், புரட்டினாலும் அதே.
கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில்
இரண்டு மொழியிலும் என் கையெழுத்து மோசம்.
அந்த ஓர் எழுத்துக்கு மட்டும்
யாரும் சிவப்பு மை வைத்ததில்லை.

நேற்று சதுரம் ஒன்றும் சேர்த்தேன். பேராசை.
ஜக்கரியா சொன்னதுபோல மூலை பிரிந்து
அச்சில் ஒரு காது முளைத்தது.
அது இருக்கட்டும் என்று விட்டேன்.
மை மெலிந்த இடத்தில்
சீட்டின் எண் எட்டிப் பார்த்தது,
யாரோ எட்டு மணி நேரம் நம்பிய எண்.

கொடியில் காயப்போட்டதில் ஒன்று
காற்றில் கீழே போய்விட்டது.
லாரி டிரைவர் ஒருவர் குனிந்து எடுத்து
"இது எந்த செக்போஸ்ட் சீலு?" என்று கேட்டார்.
ஜக்கரியா மாடியைக் காட்டினான்.
அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்,
சீட்டைப் பார்த்தார்,
எதற்கும் இருக்கட்டும் என்று
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கொச்சிக்கு இன்னும் பதில் போடவில்லை.
லினோலியம் மேசையில்தான் கிடக்கிறது.
அதன் மேல் பதினேழு வட்டங்கள்
காய்ந்துகொண்டிருக்கின்றன.