இரண்டாவது எல்

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
பறவைக் காய்ச்சல் சீசனுக்கு மட்டும் எனக்கு வேலை.
தினக்கூலி. கையுறை ஒரு ஜோடி,
தோளில் மருந்து டேங்க்.

பாலக்காட்டு வண்டிகளின் டயரை நனைத்துவிட்டு
பதிவேட்டில் எழுதவேண்டும்:
நேரம், வண்டி எண்,
கோழி எத்தனை, வாத்து எத்தனை, முட்டை எத்தனை.
ஒன்றும் இல்லையென்றாலும்
கட்டத்தைச் சும்மா விடக்கூடாது.

முட்டை போட்டுவிடட்டுமா என்றேன்.
"முட்டைக் கட்டத்தில் முட்டை போட்டால்
ஆபீசில் என்னவென்று எடுத்துக்கொள்வான்?
இங்கிலீஷில் நில் என்று எழுது" என்றார்
தெய்வாத்தாள் மேடம்.

முதல் நாள் நாற்பத்தாறு நில்.
நாற்பத்தாறிலும் இரண்டு எல்.
சிவப்பு மையில் வட்டம் வட்டமாக.
"ஒரு எல் போதும்.
இன்னொன்று எதற்கு, துணைக்கா?"

மீன் வண்டி சுபைர் எட்டிப் பார்த்தான்.
"ரெண்டு எல் போட்டா எங்க பாஷை, சேச்சி.
நில்லு!
அதான் நின்னுட்டேன்."

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை,
இந்தப் பக்கம் நகராதே.
ஒன்றுமில்லாதவர்களே அதிக நேரம் நிற்பதை
ரேஷன் கடையில் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கான பாரத்தில்
முன் அனுபவம்: நில்.
கணவர் பெயரில் பேனா தயங்கியது.
இருக்கிறார், திருப்பூரில்.
நில் போடலாமா மேடம்?
"அதற்கு வேறே.
என்.ஏ. பொருந்தாது."

வியாழன் இரவு ஒன்று நாற்பதுக்கு
ஒரு பழைய ஆல்ட்டோ.
பின்சீட்டில் சிறுமி, மடியில் புத்தகப் பை.
பை கீச்சிட்டது.
அவள் அவசரமாக இருமினாள்.
அப்பா ஸ்டீயரிங்கையே பார்த்திருந்தார்.

மருந்தை மெதுவாக அடித்தேன்,
நாலு டயருக்கும் இரண்டு தடவை,
சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே.
வாத்து?
தலையாட்டினாள், இல்லையென்று.

தப்புதான்.
மேடம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்,
ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு எப்படித் தொற்றுமென்று.
ஜன்னல் வழியாகப் பையின் மேலும்
ஒரு பீச்சு பீச்சினேன்.
அதனால் என்ன ஆகும், தெரியவில்லை.

என். ஐ. எல்.
பேனாவை எடுக்கப்போனேன்.
மறுபடி கீச்.
பக்கத்தில் இன்னொரு எல் போட்டேன்.

கார் மேட்டில் ஏறிப் பொள்ளாச்சிப் பக்கம் போனது.
காலையில் மேடம் வருவார்,
சிவப்புப் பேனாவைத் திறப்பார்,
அந்த எல்லைச் சுற்றி வட்டம் போடுவார்.
வாத்துக் கட்டத்தில்
ஒரு முட்டை.