தோன்றா எழுவாய்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் முப்பத்தோரு குரல்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம். வீட்டில் யாராவது
ஊர்விட்டு ஊர் போன கதை, அவரவர் வாயால்.
வெட்டி ஒட்டும் வேலை எனக்கு.
காவலர் குடியிருப்புப் பிள்ளை நான்;
எங்களுக்குக் கதை கிடையாது டீச்சர், இடமாறுதல் ஆணைதான்
என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்ததற்கு
ஜெசிந்தா டீச்சர் தந்த தண்டனை.

கணினி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.
பின்சத்தங்களை எடுத்துவிட வேண்டுமாம்.
புதுவயலில் எந்தக் கதைக்குப் பின்னாலும்
ஓர் அரிசி ஆலை ஓடிக்கொண்டே இருக்கிறது.
அதை எங்கே எடுப்பது.

ஈப்போவிலிருந்து ஹபீபாவின் அத்தா.
பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் இடைவெளியில்
"நல்லா இருக்கேன்னு போட்டுக்கம்மா" என்கிறார்.
பதினேழு விநாடி. முடிந்தது.
ரோஷன் குமாரின் அம்மா போஜ்புரியில் பேசப் பேச
அவனே தமிழில் சொல்லிக்கொண்டு போகிறான்,
மூன்று ரயில், ஒரு லாரி, நெல் அவிக்கும் கொட்டகை.
அவள் சிரிக்கிற இடத்தை மட்டும்
மொழிபெயர்க்கவில்லை.

பிறகு சாத்தப்பன்.
பேசுவது அவன் சித்தப்பா, காரைக்குடியில் ஆடிட்டர்.
வளவில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்;
ஒவ்வொரு சொல்லும் தூணில் பட்டு இன்னொரு முறை வருகிறது.
"ரங்கூன்ல குண்டு விழவும் ஐயா கப்பல் ஏறிட்டாக.
கடை போச்சு, வயல் போச்சு, கட்டுன வீடு போச்சு.
கணக்குப் பெட்டியை மட்டும்
பத்திரமாக் கொண்டு வந்தாச்சு."

வந்தாச்சு.
போன வாரம்தான் டீச்சர் பலகையில் எழுதினார்:
'வந்தேன்' என்றால் 'நான்' ஒளிந்திருக்கும்,
விகுதி காட்டிக்கொடுத்துவிடும்.
'வந்தாச்சு'வில் விகுதியும் வாய் திறக்கவில்லை.

நான்கு கோப்பு தள்ளி, காளீஸ்வரி.
அவள் பெரியப்பா, வெல்டிங் பட்டறையில்.
"எங்க தாத்தா வெள்ளையன் அங்க செட்டியார் கடையில எடுபிடி.
கப்பலுக்குச் சீட்டு இல்ல. நடந்தாக.
தமு வழியா, மணிப்பூருக்கு.
தலையில மொதலாளி பெட்டி.
இடுப்புல தங்கச்சி, நாலு வயசு.
மலை ஏறுறப்ப
பெட்டிக்கு ரெண்டு கையும் வேணும்."

அதற்கப்புறம் இருபத்தாறு விநாடி யாரும் பேசவில்லை.
எங்கோ ஒரு பொறி சீறி அடங்குகிறது.

மென்பொருளில் மௌனம் நீக்க ஒரு பொத்தான் உண்டு,
இரண்டு விநாடிக்கு மேல் நீண்டால் தானே தின்றுவிடும்.
பழக்கத்தில் அழுத்திவிட்டேன்.
"ரெண்டு கையும் வேணும்" முடிந்த மூச்சிலேயே
"ஊருக்கு வந்து பெட்டியை ஒப்படைச்சிட்டு மோர் குடிச்சாக"
வந்து நின்றது.
பதறிப்போய்ப் பழையபடி ஆக்கினேன்.
மூன்று நிமிடத்துக்குள் அடங்காது என்றேன்.
அடங்க வேண்டாம் என்றார் டீச்சர்.

வெள்ளி கடைசி வகுப்பில் எல்லாம் ஒலித்தது.
பதிவேட்டு வரிசையைக் கலைத்து
இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
இருபத்தாறு விநாடியில்
ஆலைச் சங்கு ஊதியது, ஒலிபெருக்கியிலா வெளியிலா தெரியவில்லை.
சாத்தப்பன் தண்ணீர் குடிக்கப் போனவன்
பையை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

திங்கள் மதியம் அவள் மேசை முன்னால் வந்து நின்றான்.
"பன்னிரண்டு கிலோ நானூறு.
மில் தராசுல வச்சுப் பாத்தேன்.
காலிப் பெட்டி."

காளீஸ்வரி டிபன் மூடியை அழுத்தி மூடினாள்.
"பூட்டோடயா, பூட்டு இல்லாமயா?"

அவன் யோசித்தான்.
மறுபடி நிறுக்கணும் என்றான்.