பெரியது ஆறு, சின்னது இரண்டு

இங்கே வயது ஏறுவதில்லை,
வயதைச் சாப்பிடுகிறோம்.
புத்தாண்டுக் காலையில்
அரிசிமாவு வில்லைகள் மிதக்கும் சூப்
ஒரு கிண்ணம் உள்ளே போனால்
ஒரு வயது.
என் தம்பி ஒருமுறை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு
இனி நான்தான் அண்ணன் என்று சொல்லி
அடி வாங்கினான்.

பிறந்த அன்றே ஒன்று.
வயிற்றில் கிடந்ததும் வாழ்ந்ததுதானே என்று
யாரோ தாட்சண்யத்தோடு போட்ட கணக்கு.
அப்புறம் ஆளுக்கொரு நாள் கிடையாது.
ஜனவரி ஒன்றாம் தேதி
தேசம் முழுக்க
ஒரே விடியலில் ஒரு வயது மூத்து எழும்,
கொட்டாவி விட்டபடி.

குன்சான் துறைமுகத்துக்கு மேலே
வட்டார அலுவலகத்தில்
மூன்றாவது கவுண்டர் என்னுடையது.
பிறப்பு, இடமாற்றம், இறப்பு:
முப்பத்தொரு வருடம்
அதே நாற்காலி, இரண்டுமுறை உறை மாற்றியது.

போன ஜூனில் சட்டம் வந்தது.
பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்,
அவரவர் பிறந்தநாளில்தான் ஏற வேண்டும்,
உலகம் எண்ணுகிறபடி.

சிரித்துக்கொண்டே வந்தார்கள்.
எழுபது ஆகிவிட்டதென்று
தைமுழுக்கப் புலம்பிய கருவாட்டுக்கடை மாங் புன்-ரே
கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்:
"அறுபத்தெட்டாமே எனக்கு!
பாக்கி இரண்டைப் பணமாகத் தருவீர்களா,
பொருளாகவா?"
நான் துண்டறிக்கையை நீட்டினேன்.
நாளைக்கு நாற்பது தடவை அதே பதில்:
யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை அம்மா,
எண்ணும் முறைதான் மாறுகிறது.

எடுத்தார்கள்.

தொண்ணூற்றொன்று, டிசம்பர் முப்பது,
ராத்திரி அவன் பிறந்தான்.
ஜனவரி இரண்டு, மதியத்துக்குள் போய்விட்டான்.
புத்தாண்டு விடுமுறை, அலுவலகம் பூட்டிக் கிடந்தது.
திறந்தபோது
பதிய ஆள் இல்லை.
அதனால்தான்
நான் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும்
அவன் கிடையாது.
(புரட்டியிருக்கிறேன்.
வேலையில் சேர்ந்த முதல் வாரமே.)

பெட்டியைத் தூக்க வந்தவர்
வழக்கப்படி கேட்டார்: "என்ன வயது?"
பியோங்-ஹோ, என் புருஷன்,
தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"இரண்டு" என்றான்.

பொய்யில்லை.
பிறந்ததற்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று.
கிண்ணத்தைத் தொடாமலே சாப்பிட்டுவிட்டான்.
இரண்டு வயதுப் பிள்ளைக்குச்
செருப்பு உண்டு,
பிடிக்காத காய் உண்டு,
வாயில் பத்துச் சொல்லாவது உண்டு.
அந்த ஓர் எண்ணுக்குள்
முப்பத்தோரு வருடம்
அவனை ஓடியாட விட்டிருந்தேன்.

புதுக் கணக்கில் அவன்
பூஜ்யம்.
துண்டறிக்கையின் பின்பக்கத்தில்
ஒருநாள் மதியம் போட்டுப் பார்த்தேன்,
தவறில்லாமல் வந்தது.

இந்தப் பிப்ரவரி டிராகன் திரும்பி வந்தது.
நான் பிறந்த வருடம்
அறுபது சுற்றி
அதே பெயரோடு வந்து நிற்கிறது.
ஜூனில் பணி ஓய்வு.
சூவோனிலிருந்து மகள் சே-ரின் போன்:
"அம்மா, அறுபதா அறுபத்தொன்றா,
எதை வைத்துக்கொள்கிறாய்?"
கேக்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

பேக்கரிப் பெண் கேட்டாள்,
"மெழுகுவத்தி எத்தனை?"
பத்துக்கு ஒரு பெரியது, ஒன்றுக்கு ஒரு சின்னது.
"பெரியது ஆறு."
சற்று நின்றேன். பின்னால் வரிசை நின்றது.
"சின்னது இரண்டு."
"அறுபத்திரண்டா? சொல்லவே முடியாது" என்று
ஒரு தீப்பெட்டியும் சேர்த்துப் போட்டாள்.

வீட்டில் விளக்கை அணைத்தார்கள்.
சே-ரின் எண்ணினாள், தப்பென்று சொல்ல வாயெடுத்தாள்.
பியோங்-ஹோ அவள் கையிலிருந்த தீக்குச்சியை வாங்கி
சின்னதிரண்டையும் முதலில் ஏற்றினான்.
பெரியவை ஆறுக்கும்
குச்சி போதவில்லை,
விரல் சுட்டது.
இன்னொன்று உரசினான்.